பொட்டு வைத்த மீட்டர்

நவம்பர் 3, ஞாயிறு

செவ்வந்தி ஒன்பதரைக்குத் தூங்கினாள். மூச்சு சீராக வருகிறதா என்று மூன்று முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன். எட்டு மாதக் குழந்தை மூச்சு விடாமல் வேறு என்ன செய்யும் என்று தயாளன் கேட்கிறான். செப்டம்பரில் காய்ச்சலோடு அவளுக்கு வலிப்பு வந்தபோது அவன் ஆபீசில் இருந்தான். பார்த்தவள் நான்.

பார்த்தேன், அவ்வளவுதான். கத்திக்கொண்டு நின்றேன். மாடிவீட்டு ஜெசிந்தா அக்காதான் ஓடிவந்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஆம்புலன்சைக் கூப்பிட்டு, அவர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி, வண்டி வரும்வரை என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும், தனியாள். பகலில் வீட்டிலேயே மட்டன் ரோல், பட்டிஸ் செய்து விழாக்களுக்குக் கொடுக்கிறார். சாயங்காலம் ஒரு வங்கியில் துப்புரவு வேலை. இந்த ஊரில் நான் கதவைத் தட்டக்கூடிய ஒரே ஆள்.

இன்று கரண்ட், கேஸ் பில் வந்தது. போன மாதத்தைப் போல இரண்டு மடங்கு. தயாளன் ஹீட்டரின் எண்ணைக் குறைத்தான். அவன் குளிக்கப் போனதும் நான் கூட்டினேன். வந்து திரும்பக் குறைத்தான். அவனுடைய கான்ட்ராக்ட் டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று நான் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை.

அக்காவுக்கு பில் என்று ஒன்று வருவதே இல்லை. அவர் வீட்டு மீட்டர் சாவியில் ஓடுவது. சாவியைக் கடைக்குக் கொண்டுபோய் அதில் பத்தோ இருபதோ பவுண்டு ஏற்றிவந்து மீட்டரில் செருக வேண்டும். காசு தீர்ந்தால் கரண்ட் நின்றுவிடும். சாவியை அவர் திறப்பு என்பார். "திறப்புக்குக் காசு போட்டுட்டு வாறன் பிள்ளை" என்று படியில் சொல்லிக்கொண்டே போவார். அந்தச் சாவியை நான் பார்த்ததில்லை.

இந்த நாட்டில் கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம். கம்பி அதேதான், குழாய் அதேதான், பில் அனுப்புகிறவன் மட்டும் வேறு. அம்மாவிடம் போனில் சொன்னேன். "கரண்ட் ஆபீசையே மாத்துவாங்களா? நமக்கு இங்க ஒரு லைன்மேனை மாத்த முடியல" என்றாள்.

தானே பார்ப்பதாகத் தயாளன் சொன்னான். "நீ பாப்பாவைப் பாரு, நான் பாத்துக்கறேன்." ஆகஸ்டில் ஒரு பார்சல் குறுஞ்செய்தியை நம்பி நான் கார்டு எண்ணைக் கொடுத்து நூற்று நாற்பது பவுண்டு போன பிறகு எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொள்கிறான். கல்லூரியில் என்னோடு ஒரே வகுப்பு. வேதியியல் ரெக்கார்டு நோட்டை என்னிடம் வாங்கித்தான் எழுதினான். இந்த முறை நான்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

செய்துவிட்டேன். மொத்தம் இருபது நிமிடம். கேஸ், கரண்ட் இரண்டும் ஒரே கம்பெனிக்கு. வருடத்துக்கு இருநூற்றுப் பத்து பவுண்டு குறையுமாம்.

ஒரு இடத்தில்தான் நின்றேன். கரண்ட் மீட்டரின் எண்ணைக் கேட்டார்கள். பழைய பில்லில் இருக்கும். பில் தயாளனின் மின்னஞ்சலில் இருக்கிறது. கேட்டால் "குடு, நானே பண்றேன்" என்பான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே பார்க்கப் போனேன்.

கீழ்வீட்டுக்கும் மாடிவீட்டுக்கும் முன்கதவு ஒன்றுதான். உள்ளே வந்ததும் மாடிப்படி. படிக்குக் கீழே ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு அறை, அதற்குள் இரண்டு மீட்டர். எது யாருடையது என்று வீட்டுக்காரர் எழுதி வைக்கவில்லை. பல்பும் எரியவில்லை. போன் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்று புதிது, வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்றது பழையது. அதன் நெற்றியில் காய்ந்துபோன சந்தனம், நடுவில் குங்குமம்.

எங்களுக்கு முன்னால் கீழே இருந்தவர்கள் மதுரைக்காரர்கள் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். ஆயுத பூஜைக்கு வைத்திருப்பார்கள். அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், கதவில் மாதா படம். அப்புறம் என்ன யோசனை? ஊரில் எங்கள் வீட்டு கிரைண்டரையே பார்த்த மாதிரி இருந்தது. பொட்டு வைத்த மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று ஊர் முழுக்க வெடி. தீபாவளி முடிந்து ஐந்தாம் நாள் இவர்களுக்கு ஏதோ ஒரு வெடித் திருநாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் செவ்வந்தி தூக்கிப்போட்டு எழுகிறாள். நானும்.

நவம்பர் 14, வியாழன்

இன்றோடு மாறிவிட்டது என்று புதிய கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கள் ஊரின் பெயர் மிச்சம், லண்டனுக்குத் தெற்கே. "மிச்சத்துல இருந்துக்கிட்டு மிச்சம் புடிச்சிட்ட" என்றான் தயாளன். மட்டமான ஜோக். ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தான். ஹீட்டரை ஒரு எண் கூட்டிக்கொள்ளச் சொன்னான்.

அடுத்த வாரம் பக்கத்துப் பள்ளியில் உதவி ஆசிரியை வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். குழந்தையை அக்கா பார்த்துக்கொள்வார்.

நவம்பர் 16, சனி

புதிய கம்பெனியிலிருந்து ஒரு தடித்த உறை. நாலு பக்கக் கடிதம். முதல் பக்கத்தில் நல்வரவு. மற்றதை அப்புறம் படிக்கலாம் என்று வைத்தேன். உள்ளே கட்டைவிரல் நீளத்தில் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பொருள், நுனியில் ஒரு சின்ன உலோகத் துண்டு. தயாளனைக் கேட்டேன். "ஏதாவது ஃப்ரீயா குடுத்திருப்பான்" என்றான், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

செவ்வந்திக்கு அது பிடித்துவிட்டது. பல் முளைக்கிற நேரம், எதையாவது கடிக்க வேண்டும் அவளுக்கு. வெந்நீரில் போட்டு எடுத்துக் கொடுத்தேன். உலோக நுனி ஈறைக் குத்திவிடுமோ என்று பயந்து ஒரு துணியைச் சுற்றினேன். சமத்தாகக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று பனியும் மழையும் கலந்து பெய்தது. ஜன்னலோரச் சுவரில் பூசணம். வினிகர் போட்டுத் துடைத்தேன்.

நாலு மணிக்கு அக்கா கதவைத் தட்டினார். மாடியில் கரண்ட் நின்றுவிட்டது. கடைக்குப் போனாராம், கடைக்காரரின் மெஷின் அவர் சாவியில் காசு ஏற்ற மறுக்கிறதாம். "பத்துப் பவுண் நீட்டினனான் பிள்ளை. மெஷின் எடுக்குதில்லை. பதினொரு வருசத்தில ஒருநாளும் இப்பிடி நடக்கேல்லை" என்றார். கேஸ் ஹீட்டர்கூட கரண்ட் இல்லாமல் ஓடாது. கோட்டைக் கழற்றாமலே நின்றார். பிரீசர் நிறைய ரோல் இருக்கிறது. வருகிற முப்பதாம் தேதி ஒரு பெண்ணின் சடங்குக்கு, அவர் மொழியில் சாமத்திய வீட்டுக்கு, அறுநூறு ரோல் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

சாவியைக் காட்டினார். சிவப்பு நிறம். கட்டைவிரல் நீளம். நுனியில் ஒரு சின்ன உலோகத் துண்டு.

செவ்வந்தி அழுகிறாள். நாளை எழுதுகிறேன்.

நவம்பர் 20, புதன்

முதலில் ஒன்றை எழுதிவிடுகிறேன். பொட்டு வைத்த மீட்டரின் அடியில் ஒரு பிளவு இருந்தது, ஏதோ செருகுவதற்கு என்று. ஐந்தாம் தேதி அதை எழுதவில்லை. பார்த்தேன். வெள்ளை மீட்டரில் அது இல்லை என்பதையும் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

காலையில் அக்கா தன் கம்பெனிக்குப் போன் பேசித் தரச் சொன்னார். இங்கிலீஷில் கம்பெனிக்காரர்களோடு பேசுவதென்றால் அவருக்குக் கூச்சம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துக்கொண்டோம். மறுமுனையில் இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள். அந்த மீட்டர் பதினாலாம் தேதியோடு எங்களிடமிருந்து போய்விட்டது. யாரோ வேறு கம்பெனிக்கு மாற்றக் கேட்டிருக்கிறார்கள். யாரென்று எங்களால் சொல்ல முடியாது. புதிய கம்பெனி புதிய சாவி அனுப்பியிருக்கும், அதில் காசு ஏற்றிப் போட்டால் உடனே கரண்ட் வந்துவிடும்.

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம் பிள்ளை?"

"கம்பெனியில ஏதோ கோளாறாம்க்கா. சரி பண்ண ரெண்டு வாரம் ஆகுமாம்."

"ரெண்டு கிழமையோ?"

"ஆமாக்கா."

மேசையில் கிடந்த போனைப் பார்த்தார். "அவ ஏதோ தேதி சொன்ன மாதிரிக் கிடந்தது."

"அது, கம்ப்ளெய்ண்ட் எழுதின தேதிக்கா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். அக்கா என்னிடம் பேசாமல் போய்விட்டால் இந்த வீட்டில் பகல் முழுக்க நானும் குழந்தையும்தான். இன்னொரு முறை அவளுக்கு அப்படி வந்தால் நான் கத்திக்கொண்டுதான் நிற்பேன்.

மத்தியானம் ஓடிப்போய் ஒரு நீளக் கேபிள் வாங்கிவந்தேன், சக்கரத்தில் சுற்றி வருமே, அது. எங்கள் சமையலறைப் பிளக்கில் செருகி, கதவுக்கு அடியில் விட்டு, படியேற்றி, அக்காவின் பிரீசரோடு சேர்த்தோம். குழந்தை காலில் சிக்கிக்கொள்ளக் கூடாதென்று மிச்சக் கம்பியை இழுக்காமல் சக்கரத்திலேயே விட்டு, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் தள்ளிவைத்தேன். பிரீசர் உறுமி ஓடத் தொடங்கியதும் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீர் நல்லாயிருக்கோணும் பிள்ளை" என்றார்.

நீலச் சாவியைத் துணியிலிருந்து எடுத்துக் கழுவித் துடைத்துவிட்டேன். எங்கே வைத்தேன் என்று எழுதப் போவதில்லை.

நவம்பர் 21, வியாழன்

தயாளன் கேபிளைப் பார்த்தான். "என்ன இது, வீட்டுக்குள்ள பாம்பு மாதிரி?" அக்கா வீட்டில் கரண்ட் இல்லை, கம்பெனி கோளாறு என்றேன். இரண்டாவது முறை சொல்லும்போது உண்மை மாதிரியே இருந்தது. நம்முடைய பில்தானே ஏறும் என்றான். பிறகு அவனே, "பரவால்ல, செப்டம்பர்ல அவங்க இல்லேன்னா" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

அக்கா மூன்று ரோல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தயாளன் இரண்டு சாப்பிட்டான்.

நவம்பர் 22, வெள்ளி

புதிய கம்பெனிக்கு நானே போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன், பிறகு ஒரு பையன் வந்தான். ஒரு சினேகிதிக்காகக் கேட்பதாகச் சொன்னேன். தவறான மீட்டரை மாற்றிவிட்டால் திருப்பிவிட மூன்று வாரம் வரை ஆகலாம் என்றான். அதுவரை அந்த வீட்டுக்காரர் எங்கள் சாவியைப் போட்டே ஓட்டலாம், ஒரு கஷ்டமும் இருக்காது, அந்த வீட்டுக்காரர் சம்மதத்தோடு உங்கள் சினேகிதி எங்களிடம் பேசினால் போதும் என்றான்.

ஒரு கஷ்டமும் இருக்காது. மேலே போய்ச் சொன்னால் போதும்.

துணி மடித்தேன். பால் புட்டிகளைக் கொதிக்க வைத்தேன். சொல்லவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

அக்கா குளிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். சர்ச்சில் என் பெயரையும் சொல்லி ஜெபித்தாராம்.

நவம்பர் 26, செவ்வாய்

இண்டர்வியூ நன்றாகவே நடந்தது. அழுகிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ சொன்னேன்.

மூன்று மணி நேரம் செவ்வந்தி அக்காவிடம் இருந்தாள். மாடியில் குளிர் என்பதால் அக்கா எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். நான் வந்தபோது குழந்தை வாயைச் சுற்றி மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

"பசியில கத்தினவள். கொஞ்சம் பருப்பு அவிச்சு மசிச்சுக் குடுத்தனான்" என்றார்.

நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குப் போனேன். துவரம்பருப்பு டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. மூடி இறுக்கமாக மூடியிருந்தது. நான் அவ்வளவு இறுக்கமாக மூட மாட்டேன். திறந்து கையை விட்டுப் பார்த்தேன். சாவி அடியில் இருந்தது, நான் புதைத்த இடத்திலேயே. ஒரு ஆழாக்குப் பருப்பு மேலாக எடுத்தால் கை அதுவரைக்கும் போகாது. அவருக்குத் தெரியாது.

திரும்பி வந்தேன். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கோணும். மேல சரியான குளிர். அந்தக் கேபிளில ஹீட்டர் ஒண்டும் போடட்டோ?"

"போட்டுக்குங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்.

நவம்பர் 27, புதன்

வெள்ளை மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. கரண்ட் ஓட ஓட அது துடிக்கும். இன்று காலை போய்ப் பார்த்தேன். செவ்வந்திக்கு வலிப்பு வந்த அன்று என் நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. அதுதான் எங்களுடையது.

பொட்டு வைத்தது இருட்டாக இருந்தது.

நவம்பர் 28, வியாழன்

 இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

பதினோரு மணி இருக்கும். செவ்வந்தியைச் சமையலறையில் பாயில் விட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ தீய்ந்த வாசனை. பாலை அடுப்பில் வைத்து மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுப்பில் எதுவும் இல்லை. திரும்பினால் குழந்தை தவழ்ந்து வாஷிங் மெஷின் அருகே போய்விட்டாள். மெஷினுக்குப் பின்னாலிருந்து நூல் போல ஒரு புகை.

அவளை எப்படித் தூக்கினேன் என்று நினைவில்லை. சுவிட்சை அணைத்தேன், பிளக் விரலைச் சுட்டது. குழந்தையைப் படியருகே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து மெஷினை இழுத்தேன். சக்கரத்தில் சுற்றியிருந்த கம்பி ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கட்டியாகியிருந்தது. சுருட்டி வைத்த கம்பியில் சூடு வெளியே போக வழியில்லை. பிரீசரோடு ஹீட்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பிளஸ் டூவிலேயே படித்தது. குழந்தை காலில் சிக்கக் கூடாதென்று நான்தான் அதைச் சுருட்டியபடி வைத்தேன்.

தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்த இடத்தில் நான் உடனே மாடிக்கு ஓடியிருப்பேன் என்று தோன்றும். இல்லை. வேறு கேபிள் வாங்கி வந்துவிடலாம், இந்த முறை முழுக்கப் பிரித்துப் போடலாம், பணம் எவ்வளவு ஆகும் என்றுதான் முதலில் யோசித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகு செவ்வந்தியைப் பார்த்தேன். படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒன்றுமில்லாமல் கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பருப்பு டப்பாவைத் தரையில் கொட்டினேன். சாவியை எடுத்துக்கொண்டு, குழந்தையையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஹீட்டர் அணைந்ததும் வெளியே வந்திருக்கிறார். சொல்வதற்கு நான் எதையும் தயார் செய்திருக்கவில்லை.

"இது உங்க சாவிக்கா. பதினாறாம் தேதியில இருந்து எங்க வீட்டுலதான் இருக்கு. எங்க மீட்டர்னு நினைச்சு உங்களுதை நான்தான் மாத்தி எழுதிட்டேன். அது தெரியாம பண்ணினது. ஆனா அன்னிக்கு போன் பேசினப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

அக்கா சாவியை வாங்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டார். அவளுடைய பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், சில்லிட்டிருக்கிறதா என்று. அதற்குப் பிறகுதான் பேசினார்.

"செவ்வாய்க்கிழமை பருப்பு எடுக்கேக்க கண்டனான். கரண்டிக்குத் தட்டுப்பட்டது."

சாவியை நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.

"பதினாலாம் தேதி எண்டு அவ சொன்னது எனக்கும் விளங்கினது. வேற ஆரோ மாத்தினது எண்டதும் விளங்கினது. பதினொரு வருசம் இஞ்ச இருக்கிறன். கதைக்கேக்க நாக்குப் பின்னும், அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டனான். காது நல்லாக் கேக்கும்."

இதுவரை என்னை அவர் 'நீர்' என்றுதான் சொல்லியிருக்கிறார், 'உங்களை' என்றதில்லை.

"பாத்துட்டு நீங்களே எடுத்திருக்கலாமேக்கா."

"உங்கட டப்பாவுக்குள்ள நீங்கள் ஒளிச்சு வச்சதை நான் ஏன் எடுக்கோணும்? நீங்களாக் கொண்டு வருவியள் எண்டு பாத்தன். வரேல்லை. சரி, அதுவரைக்கும் உங்கட கரண்ட்டில ஹீட்டர் ஓடட்டும் எண்டு போட்டன்."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கேபிள் உருகியதைச் சொன்னேன். முகம் அப்படியே மாறியது. குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். "அதை நான் யோசிக்கேல்லை" என்றார். "அந்தப் பாவம் என்ர." பிறகு பிரீசரைத் திறந்து பார்த்தார். மேல்தட்டு ரோல்கள் வியர்க்க ஆரம்பித்திருந்தன.

மழையில் தள்ளுவண்டியோடு கடைக்குப் போனோம். குஜராத்திக் கடைக்காரர் நீலச் சாவியை மெஷினில் செருகினார். மெஷின் எடுத்துக்கொண்டது. இருபது பவுண்டை நான் நீட்டினேன். அக்கா தடுக்கவில்லை. வழியெல்லாம் அவர் இரண்டடி முன்னால் நடந்தார். பாலத்தருகே வண்டியின் மழை மறைப்பு காற்றில் விலகியது. அதை இழுத்துவிட மட்டும் நின்றார்.

படிக்குக் கீழே இரண்டு பேரும் குனிந்து நுழைந்தோம். பொட்டு வைத்த மீட்டரின் பிளவில் அவரே சாவியைச் செருகினார். மேலே பிரீசர் உறுமுவது படி வழியாகக் கேட்டது.

"பொட்டைப் பாத்துத்தான்க்கா எங்களுதுன்னு நினைச்சேன்" என்றேன். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்களாச்சேன்னு."

அக்கா அந்தக் காய்ந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உங்களுக்கு முந்தி இருந்த மதுரைப் பிள்ளை வச்சவ. தன்ர மீட்டருக்கு வைக்கேக்க, பக்கத்தில கிடக்கிறது பாவம் எண்டு என்ரதுக்கும் வச்சவ. பிறகு கம்பெனிக்காரங்கள் வந்து உங்கடதைக் கழட்டிட்டுப் புதுசு பூட்டினவங்கள். பொட்டும் அதோட போயிட்டுது."

மேல்தட்டு ரோல்கள் நாற்பதைக் குப்பையில் போட வேண்டியிருந்தது.

தயாளன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரத்தைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் பார்த்தான். குழந்தை தூங்கிய அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். மூன்று முறை போனான்.  பிறகு பிளாஸ்திரியும் பேனாவும் எடுத்துக்கொண்டு படிக்குக் கீழே போய் ஒன்றில் 'மேல்', ஒன்றில் 'கீழ்' என்று எழுதி ஒட்டினான்.

நவம்பர் 29, வெள்ளி

பள்ளியிலிருந்து தகவல் இல்லை.

பத்து மணிக்கு நானாக மாடிக்குப் போனேன். புதிய கம்பெனிக்குப் பேசி மீட்டரை உங்கள் பழைய கம்பெனிக்கே திருப்ப வேண்டும், பக்கத்தில் நீங்கள் இருந்தால்தான் முடியும் என்றேன். அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். வீடு வெதுவெதுப்பாக இருந்தது. மேசை முழுக்க ரொட்டித் தூளும் முட்டையும். நாற்பது ரோல் புதிதாகச் செய்துகொண்டிருந்தார். செவ்வந்தியை அவர் கேட்கவில்லை. நானே மடியில் வைத்துக்கொண்டேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அரை மணி நேரப் பாட்டுக்குப் பிறகு ஒரு ஆள் வந்தார். அவர் கேட்ட ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன், அக்கா சொன்ன ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. ஏழு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தார் என்று அந்த ஆள் எழுதிக்கொண்டார். அக்கா திருத்தினார், ஒன்பது நாள் என்று. ஒன்பது நாள் என்று நானும் சொன்னேன்.

கடைசியில் அந்த ஆள் ஒரு காரணம் பதிய வேண்டும் என்றார். முகவரிப் பட்டியலில் பிழையா, விற்பனையாளர் செய்த பிழையா, கம்பெனியின் பிழையா? கம்பெனியின் பிழை என்று போட்டுவிட்டால் எல்லோருக்கும் சுலபம் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. அக்கா உருளைக்கிழங்கு மசியலை உருட்டுவதை நிறுத்தியிருந்தார்.

தவறு என்னுடையது என்று இங்கிலீஷில் சொன்னேன். அந்த ஆள் கொஞ்சம் யோசித்தார், பிறகு தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது.

"என்ன கேட்டவன்?" என்றார் அக்கா. கேட்டது அவருக்கு விளங்கியிருக்கும். எனக்குத் தெரியும்.

"யாரோட தப்புன்னு கேட்டாருக்கா. என்னோட தப்புன்னு சொன்னேன்."

"ஓம். விளங்கினது" என்றார்.

மறுபடி உருட்ட ஆரம்பித்தார். இரண்டு, மூன்று, நாலு. தட்டில் வரிசையாக வைத்தார். செவ்வந்தி மேசையைப் பிடித்து எழுந்து ரொட்டித் தூளில் கையை வைத்தாள். அக்கா அவள் கையைத் தட்டிவிடவில்லை.

"நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வாரும் பிள்ளை" என்றார், தலையை நிமிர்த்தாமல். "அறுநூறும் பொரிக்கோணும். எனக்கு ஒராளால ஏலாது."

தயாளன் குழந்தையைப் பார்த்துக்கொள்வான். அலாரம் ஐந்தேகாலுக்கு வைத்திருக்கிறேன்.